சாவியில்லாத கிடாரின் மூன்றாவது கம்பி

நாமக்கல்லில் ஒரு லாரி முதலாளி வீட்டுக் கல்யாணம். மாலை வரவேற்பு. மேடையில் பாட்டுக் குழுவுக்கு நடுவே, மடியில் கிடாரைப் படுக்கப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். பட்டுப் புடவை கசகசக்கிறது. தலைக்கு மேலே எரிகிற விளக்குகளின் சூட்டில் என் தலை மல்லிகை வாடுகிற வாசனை எனக்கே வருகிறது.

குழுவின் தலைவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அக்கார்டியனில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்து, சுருதி பார்த்துக்கொள்ளச் சொன்னார். கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டினேன். மூன்றாவது கம்பி இறங்கியிருந்தது. புதுக் கம்பி அப்படித்தான் இறங்கும். வால் பக்கத்தில் இருக்கிற திருகை ஒரு சுண்டு சுண்டினால் ஏறிவிடும். கையைக் கொண்டுபோய்த் திருப்பினேன்.

திருகு அசையவில்லை.

புடவைத் தலைப்பால் பிடித்துத் திருப்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். மற்ற ஐந்தையும் தொட்டுப் பார்த்தேன். ஆறும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் அடம் பிடித்தன. குனிந்து பார்த்தால், ஒவ்வொரு திருகின் முகத்திலும் மூன்று சின்னப் புள்ளிகள், புதிதாக, பளபளவென்று.

யார் கைவேலை என்று கேட்கவே வேண்டாம். முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என் கொழுந்தனார் நல்லசாமி.

இந்த இடத்தில் என்னை மேடையிலேயே விட்டுவிட்டு, வாசகர்கள் கொஞ்சம் திருச்செங்கோட்டுக்கு வர வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று நான் தவித்த தவிப்பில் ஒரு பங்காவது உங்களுக்கும் வேண்டாமா?

எத்தனை பல்லு?

என் அப்பாவுக்கு ஆத்தூரில் ஜவ்வரிசி வியாபாரம். பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பத்தைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடிவைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வீணை வகுப்பும் எடுத்தார், ஹவாயன் கிடார் வகுப்பும் எடுத்தார். வீணை வகுப்பில் இடமில்லை. எனக்குக் கிடார் வாய்த்த பெருங்கதை இவ்வளவுதான்.

ஹவாயன் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட முடியாது. மடியில் படுக்கப் போட வேண்டும். வலது கை விரல்களில் நகம் மாதிரி உறை போட்டுக்கொண்டு மீட்ட வேண்டும். இடது கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின் மேல் இழைக்க வேண்டும். அந்த இழைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். ஆள் அழுகிற மாதிரியும் வரும், கொஞ்சுகிற மாதிரியும் வரும்.

பெண் பார்க்க வந்தபோது பாடச் சொன்னார்கள். பாட வராது, வேண்டுமானால் வாசிக்கிறேன் என்று கிடாரை எடுத்தேன். மாப்பிள்ளைக்குத் திருச்செங்கோட்டில் லேத் பட்டறை; ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்கு வேலை செய்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். நான் வாசித்து முடித்ததும் அவர் நல்லது பொல்லாது ஒன்றும் சொல்லவில்லை. கிடாரைக் கையில் வாங்கி, அதன் தலைப்பக்கத்தில் இருக்கிற சாவிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீணைக்குப் பிரடை மாதிரி கிடாருக்குச் சாவி. அதைத் திருகித்தான் கம்பியை ஏற்றுவோம், இறக்குவோம்.

"இதுக்கு எத்தனை பல்லுங்க?" என்றார்.

அப்பா பதறிப்போய் என் வாயைப் பார்த்தார். சாவிக்குள் இருக்கிற பல்சக்கரத்தைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரியாது என்றேன். எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வாசிப்பைப் பற்றிப் பொய்யாக ஒரு வார்த்தை சொல்லாத முதல் ஆள் அவர்தான்.

கணவர் பெயரைச் சொல்லலாம், இப்போது யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் எழுதப் போனால் கை கூசுகிறது. வீட்டுக்காரர் என்றே இருக்கட்டும்.

தலை போனது

கல்யாணமாகிச் சீர் சாமான்கள் லாரியில் போயின. சங்ககிரிப் பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதில் பீரோ சாய்ந்தது. கிடார் அதற்குக் கீழே இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கழுத்துக்கு மேலே, ஆறு சாவிகளும் இருந்த தலை மட்டும் முறிந்து தொங்கியது.

புகுந்த வீட்டில் நான் முதன்முதலாக அழுதது அதற்காகத்தான். மாமியாருக்காகவோ சமையலுக்காகவோ இல்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். உடைந்ததைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. என் பேச்சில் இருந்த சேலத்து வாடை கரைந்து, நானும் வீட்டை ஊடு என்று சொல்லப் பழகிவிட்டேன்.

எண்பதுகள் பிறந்த புதிது என்று நினைக்கிறேன். மலைக்கோயில் தேர்த் திருவிழாவின்போது நாமக்கல் மாஸ்டரின் பாட்டுக் குழு ஊருக்கு வந்தது. அதில் ஒருவர் ஹவாயன் கிடார் வாசித்தார். கச்சேரி முடிகிற வரைக்கும் நான் நகரவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு இசை ஞானம் அறவே கிடையாது. ரோட்டில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்துக் கம்ப்ரசரில் எந்த வால்வு கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் இரண்டு கம்பிகளை அடுத்தடுத்து மீட்டி எது மேலே, எது கீழே என்று கேட்டால் முழிப்பார். அதனால் அவர் மேடையைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது என் தொடைமேல் தானாக வழுக்கி வழுக்கி நகர்ந்துகொண்டிருந்ததாம்.

மறுநாள் காலையில் பரணிலிருந்து கிடார் இறங்கியது.

"தல தான போச்சு? தல எதுக்கு?" என்றார். "கம்பிய இழுக்கோணும், அவ்வளவுதான? மேல இருந்து முறுக்கி இழுத்தா என்ன, வால்ல இருந்து நேரா இழுத்தா என்ன?"

கிடாருக்குத் தலை வேண்டாம், சாவி வேண்டாம் என்று முடிவு செய்த ஒரே ஆள் உலகத்தில் இவராகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பட்டறையில் பிறந்த வாத்தியம்

பழைய கிடாரின் உடம்பு புது யோசனைக்குத் தாங்காது என்று தெரிந்ததும் அதையும் ஒதுக்கிவிட்டார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற இடத்திலிருந்து ஒரு வாகைப் பலகை வந்தது. நன்றாகக் காய்ந்த பலகை. இழைத்தபோது பட்டறை முழுக்க டீசல் வாடையை மீறி மர வாசனை அடித்தது.

தலைப்பக்கத்தில் ஒரு பித்தளைக் கட்டை, அதில் கம்பியின் குமிழ் மாட்ட ஆறு ஓட்டைகள். வால் பக்கத்தில் ஆறு சின்ன நகரும் கட்டைகள். ஒவ்வொரு கட்டையும் ஒரு கம்பியின் மறுமுனையைக் கவ்விப் பிடிக்கும். கட்டையிலிருந்து ஒரு போல்ட் பின்னாலிருக்கிற தகடு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் வழுக்காமல் பிடிக்கச் சொரசொரப்பாக்கிய ஒரு வட்ட நட். நட்டைத் திருப்பினால் போல்ட் பின்னால் வரும், கட்டை வரும், கம்பி ஏறும். பல்சக்கரமே இல்லை. அதைத்தான் நான் திருகு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் செய்தவற்றின் மறை, அதாவது போல்ட்டில் வெட்டுகிற திருகுப் புரி, முரடாக இருந்தது. தொட்டாலே சுரம் அரைப்படி தாவியது. நான் இறக்கச் சொல்வேன், அவர் இறக்குவார், அது அடுத்த சுரத்தைத் தாண்டிப் போய் நிற்கும். இரண்டு பேருக்கும் அதற்காகச் சண்டை. ரிக் போல்ட்டின் மறையைக் கிடாருக்குப் போட்டால் கிடாரும் பூமியைத்தான் துளைக்கும் என்று நான் சொல்லப்போய், அவர் அன்று மதியம் சாப்பிட வரவில்லை. பிறகு மறையை நெருக்கமாக வெட்டினார். இப்போது சுரம் பூனை நடப்பது போல் மெதுவாக ஏறியது. ஆனால் கட்டை நகர இடம் போதாமல், கம்பி சுருதிக்கு வருவதற்குள்ளே தகட்டில் முட்டி நின்றது. மறுபடியும் முதலிலிருந்து.

மோட்டார் காயில் கட்டுகிறவர் ஒருவர், மெல்லிய செம்புக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். சத்தத்தை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். கையில் பிடித்து இழைக்க இரும்புத் துண்டுக்குப் பதிலாக ஒரு பழைய பேரிங்கின் உருளையை மெருகேற்றித் தந்தார் வீட்டுக்காரர். அதைப் போல் கைக்கு அடங்கின உருளையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. பலகைக்கு லாரிப் பச்சை அடித்தார்கள். பெயிண்டர், சாமி பெயர் எங்கே எழுதுவது, நெற்றியே இல்லையே என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

சுருதி சேர்க்கிற நாட்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. நான் மீட்டுவேன், இன்னும் என்பேன். அவர் திருப்பிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். காதை நம்பாமல் கட்டைவிரலால் கம்பியின் விறைப்பை அழுத்திப் பார்ப்பார். போதும் என்று நான் சொன்னதும் தலையாட்டுவார். எது வந்தது, எதற்காகப் போதும் என்பது அவருக்குக் கடைசிவரைக்கும் விளங்காது. அப்படிக் காதில் விழாத ஒன்றுக்காக ஒருவர் மாதக்கணக்கில் லேத்தின் முன்னால் நின்றார் என்றால், அது எனக்காகத்தானே? அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

முதன்முதலாக ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வாசித்த அன்று பட்டறையில் ஒவ்வொரு மெஷினாக நின்றது. ரிக் ரிப்பேருக்கு வந்த டிரைவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். முழுப் பாட்டு வாசித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால், வீட்டுக்காரர் கிடாரின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நட்டும் அசையவில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு திருப்தி.

அந்த ஒரு நாற்காலி

செய்தி எப்படியோ நாமக்கல்லுக்குப் போயிற்று. மாஸ்டரே வந்து கேட்டார். அவருடைய கிடார்காரர் கோயம்புத்தூரோடு போய்விட்டாராம். என் வாசிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, பட்டறை எண்ணெய்க் கறை படிந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து பேசினார்.

"ஊட்டுல வாசிக்கறது வேற, மேடை வேறங்க அம்மிணி. நாமக்கல் கல்யாணத்துல ஒருக்கா வந்து வாசிங்க. அமைஞ்சுதுன்னா அடுத்து ஆத்தூர்க் கச்சேரி, அப்பறம் எல்லாத்துக்கும் அந்த நாற்காலி உங்களுக்குத்தான். அமையலீன்னா மனசுல வெச்சுக்கக் கூடாது."

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். சும்மா ஆசை என்று சொல்லி மழுப்ப மாட்டேன். பசி மாதிரி வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் மேடையேறிப் பாடுவதே அபூர்வம், கிடார் வாசிக்கிற பெண்ணை யாரும் பார்த்ததுகூட இல்லை. இந்த ஒரு நாள் சரியாக அமையாவிட்டால் இரண்டாவது தடவை எனக்கு யாரும் கேட்டு வரப்போவதில்லை. வீட்டுப் பெரியவர்களும், பார்த்தாயிற்று, போதும் என்றுதான் சொல்வார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆறு கம்பிகளையும் புதிதாக மாற்றினேன். மூன்றாவதுதான் கடைசியாக மாற்றியது. சுருதி சேர்த்து, பட்டறை மேஜையில் வைத்துவிட்டு, உறவுக்காரர் ஒருவரைப் பார்க்க நானும் வீட்டுக்காரரும் போய்விட்டோம்.

மூன்று புள்ளி

அந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தனார் ஆந்திராவிலிருந்து வந்து சேர்ந்தார்.

நல்லசாமி ரிக் வண்டியோடு போனால் மாதக்கணக்கில் வர மாட்டார். வெயிலில் கருத்து, தலையெல்லாம் பாறைத்தூளோடு திரும்புவார். வரும்போது எனக்கென்று வளையலோ ஊறுகாயோ ஏதாவது கொண்டுவராமல் இருந்ததில்லை. கிடார் செய்கிற சேதி மட்டும் அவருக்குப் போயிருந்தது. அதற்காகவே கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. எதையும் பொருத்தி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், நட்டும் போல்ட்டும் சேருகிற இடத்தில் பஞ்ச் என்கிற, உளி மாதிரி கூர்முனைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். மறை அந்த இடத்தில் நசுங்கிக்கொள்ளும், எவ்வளவு அதிர்ந்தாலும் நட் கழலாது. பஞ்ச் அடிக்காத வேலை முடியாத வேலை. மேஜைமேல் அப்படி ஒன்றைப் பார்த்தால், யாருடைய வேலையாக இருந்தாலும் பார்த்தவர் அடித்து முடித்துவிடுவார். சொல்லிக்கொண்டும் அடிப்பதில்லை. சாப்பிட்டபின் இலையை எடுப்பதைப் போய் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

நல்லசாமிக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. ஆந்திராவில் ஏதோ ஒரு ஊரில் பஞ்ச் அடிக்க மறந்த ஒரு நட் கழன்று, துளை போடுகிற ராடும் பாறை உடைக்கிற சுத்தியும் குழிக்குள்ளேயே போய்விட்டன. ஊரே கூடி நின்று பார்த்ததாம். அந்தக் குழியையும் அந்த முகங்களையும் அவர் மறக்கவே இல்லை.

அப்படிப்பட்டவர் கண்ணில் என் கிடார் படுகிறது. ஆறு நட்டுகள், ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. நாளைக்கு ஊர்க்கூட்டத்தின் முன்னால் அண்ணன் மனைவி வாசிக்கப் போகிறாள். சின்ன பஞ்ச் ஒன்றைப் பார்த்து எடுத்து, நட்டுக்கு மூன்று என்று பலகையில் ஒரு கீறல் விழாமல் தட்டியிருக்கிறார். கிடார் என்றால் தினமும் திருப்பித் திருப்பிச் சேர்க்க வேண்டியது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? துணிபோட்டு மூடிவிட்டுப் போய்த் தூங்கியிருக்கிறார். மறுநாள் அந்தத் துணியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நாங்கள் கிடாரை மண்டபத்துக்கு எடுத்து வந்துவிட்டோம்.

முன்னால் போகும், பின்னால் வராது

இப்போது மேடைக்குத் திரும்பலாம்.

வீட்டுக்காரர் மைக் செட்காரருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண்ணைக் காட்டினேன். வந்து குனிந்தார். புள்ளிகளை விரலால் தடவினார். முன்வரிசையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நல்லசாமி கையை ஆட்டினார் பாவம்.

மாஸ்டர் என்ன தாமதம் என்று கேட்டார். பாடகர் மைக்கைச் சரிசெய்கிற பாவனையில் நேரம் கடத்தினார். மூன்றாவது கம்பி இல்லாமல் அன்றைய முதல் பாட்டே கிடையாது. நாற்காலி போயிற்று என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்காரர் மைக் செட்காரரிடம் கட்டிங் பிளேயரை வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் என் காலடியில், மேடைத் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

இதன் கனம் இன்றைக்குள்ளவர்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல் ரோட்டில் நடக்க மாட்டார்கள். அவர் நாலெட்டு முன்னால், நான் பின்னால். முன்வரிசை முழுக்க அவருக்கு வேலை கொடுக்கிற ரிக் முதலாளிகள், பங்காளிகள், மாமன் மச்சான்கள். அத்தனை பேர் முன்னால் பட்டறைக்காரர் தன் பெண்டாட்டி காலடியில் உட்கார்ந்தார். யாரோ சிரித்தது கேட்டது. இன்னொருவர் ஏதோ சொல்ல அந்தப் பக்கமே சிரித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பஞ்ச் அடிச்ச நட்டு முன்னால போகும், பின்னால வராது," என்றார் மெதுவாக. "ஒருக்காத்தான் திருப்புவேன். தாண்டிருச்சுன்னா எறக்க முடியாது. எறக்குனா மறை அந்து கம்பியே போயிரும். எங்க நிக்கோணும்னு நீ சொல்லு புள்ள."

மாஸ்டர் சுரத்தைப் பிடித்தார். நான் மீட்டினேன். இன்னும் என்றேன். பிளேயரின் பிடியில் நட் கிறீச்சிட்டது. சுரம் ஏறத் தொடங்கியது. இன்னும். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் கொஞ்சம். மண்டபத்துச் சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. பட்டறையில் நாங்கள் இருவரும் இருக்கிற மாதிரியே இருந்தது.

போதும் என்றேன். அவர் அந்த நொடியே கையை எடுத்துவிட்டார். ஆனால் நசுங்கின மறைக்குள் திணறிக்கொண்டிருந்த நட், கை எடுக்கிற நேரத்தில் ஒரு மயிரிழை எகிறி நின்றது.

சுரம் ஏறிவிட்டது. கொஞ்சம்தான். சும்மா கேட்பவருக்குத் தெரியாது. எனக்குக் காதில் மணல் விழுந்த மாதிரி இருந்தது.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க," என்றேன்.

வேறென்ன சொல்வது? இல்லை என்றால் இறக்கப் பார்ப்பார், கம்பி போய்விடும். அதைவிட, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாஸ்டர் தலையாட்டினார். தபேலா தொடங்கியது.

அன்று நான் வாசித்த மாதிரி என் ஆயுளில் வாசித்ததில்லை. மூன்றாவது கம்பிக்குப் போகும்போதெல்லாம் உருளையை ஒரு துளி சாய்த்துப் பின்னுக்கு இழுத்தேன். அப்படிச் சாய்த்தால் அந்தக் கம்பி மட்டும் இறங்கி இடத்துக்கு வரும். ஒவ்வொரு தடவையும் யோசித்துச் செய்ய நேரமில்லை. முதல் பாட்டில் தடுமாறினேன், இரண்டாவதில் கை பழகியது, அதற்குப் பிறகு கையே பார்த்துக்கொண்டது. வீட்டுக்காரர் எழுந்து போகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு கச்சேரி முடிகிறவரைக்கும் என் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார். நாலைந்து பாட்டுக்குப் பிறகு முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

பந்தி முடிவதற்குள்

கச்சேரி முடிந்ததும் நல்லசாமியைக் காணோம். பந்தியில் இல்லை. மண்டபத்துப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அண்ணன் மேடையில் பிளேயரோடு உட்கார்ந்தபோதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டிருக்கிறது.

"நங்கையா," என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கூட்டத்துல உங்களுக்குக் கழண்டுறக் கூடாதுன்னுதானுங்க..."

அவ்வளவு பெரிய ஆள் கண் கலங்கி நின்றதைப் பார்த்ததும் எனக்கிருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் போய்விட்டது. கழலவே இல்லை, கடைசிவரைக்கும் நின்றது, வந்து சாப்பிடுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். ஆறு நட்டில் ஐந்து, அவர் புண்ணியத்தில் நிஜமாகவே நின்றன.

பந்தி வாசலில் மாஸ்டர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மூணாவது ஏறி இருந்துதுங்களா?"

ஆமாங்க என்றேன்.

"மொதப் பாட்டுலயே கேட்டுட்டேன். சாச்சுப் புடிச்சீங்க. என்ற பழைய ஆளா இருந்தா கிடார மடக்கி வெச்சுட்டு எந்திரிச்சிருப்பான். நீங்க ஆத்தூருக்கு வந்துருங்க அம்மிணி."

நாற்காலி எனக்குத்தான். ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை, கல்யாண வீடாயிற்றே. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

வாசலில் ஜீப்புக்காகக் காத்து நின்றபோது வீட்டுக்காரரிடம் ஆத்தூர் விஷயத்தைச் சொன்னேன். நல்லது என்றார். அப்புறம், யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, என் பக்கம் குனிந்தார்.

"மேடையில திருப்புனேன்ல, அப்ப எனக்கே கேட்டுச்சு புள்ள. நீ போதும்னு சொன்ன, நட்டு போயி நின்னுச்சு பாரு, அந்த எடம். அதான் சுருதின்னு எனக்கே தெரிஞ்சுது."

இத்தனை வருஷத்தில் ஒரு சுரம் அவர் காதில் விழுந்திருக்கிறது. அது அந்த மயிரிழை ஏறின சுரம். ஆமாங்க, அதேதானுங்க என்றேன்.

ஆத்தூர்க் கச்சேரிக்கு ஆறு புது நட்டுகள் கடைந்து தந்தார். அந்தக் குழுவில் நான் பல வருஷம் வாசித்தேன். மேடையில் ஆறு கம்பியும் சுத்தமாகச் சேர்ந்திருக்கும். வீட்டில் சாயங்காலம் அவர் கைகழுவிவிட்டு வந்து, வாசி என்று எதிரே உட்காரும்போது மட்டும் மூன்றாவது கம்பியை ஒரு மயிரிழை ஏற்றி வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன்.